சுற்றிப் போகிற வழி

சாவி நாற்பத்தொன்று.
இரும்புக் கட்டில் நூற்றறுபது; அதில் கால் உடைந்தது ஒன்பது.
தண்ணீர்த் தொட்டி இரண்டு.
அயனி மரம் ஏழு. காய்ப்பது மூன்று என்று
ஹவில்தார் ராவத் தானாகவே சேர்த்து எழுதியிருந்தார்.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
நகராட்சியில் நான் சர்வேயர்.
தாசில்தாருக்கு அன்றைக்குக் காய்ச்சல்,
வேறு யாரும் வரவில்லை.

பதினெட்டு ஏக்கர் அறுபத்திரண்டு சென்ட்.
தக்கலையின் நடுவயிற்றில்
இத்தனை காலம் செரிக்காமல் கிடந்த நிலம்.
மன்றக் கூட்டத்தில் அதை எத்தனை முறை பங்கு வைத்தார்கள்!
பேருந்து நிலையம் என்றார் ஒருவர்.
பிரசவ ஆஸ்பத்திரி என்றார் பதினோராம் வார்டு டெல்பின்.
கோர்ட்டு, மைதானம், மீன் சந்தை,
கார் நிறுத்த ஓர் இடம்.
“எல்லாத்துக்கும் எடம் உண்டும்” என்றார் தலைவர்.
வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன்.
இருபத்தேழு ஏக்கர் வந்தது.

என் ஏட்டில் இருந்தது வேறொரு கணக்கு.
மதிலுக்கு இந்தப் பக்கம் பஸ் நிற்கும்,
அந்தப் பக்கம் தெருக்கள்.
நேரே போனால் நூற்றெண்பது மீட்டர்,
சுற்றிப் போனால் அறுநூறு.
குளச்சலில் இருந்து முதல் வண்டியில் வருகிற பிரகாசி
அந்த அறுநூறை
சாளையும் அயலையும் நிறைந்த அலுமினியச் சருவத்தோடு
இருபத்தாறு வருடம் நடந்திருக்கிறாள்.
ஐஸ் உருகிக் கழுத்தில் இறங்கும்.
மதிலின் மேல் கண்ணாடிச் சில்லுகள்
வெயிலில் அழகாகவே இருக்கும்.

கடைசி லாரி கிளம்புமுன்
ராவத் ஒரு அயனிச்சக்கையைப் பிளந்து நீட்டினார்.
“இந்த ஊரில் மூணு வருஷம்,” என்றார் உடைந்த தமிழில்,
“ஊருக்குள்ள இல்லை.”
கொட்டையைத் துப்பாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

லாரி போனபின் வாசலைப் பூட்ட வேண்டியவள் நான்.
காவல் கூண்டில் ஆளில்லை.
பிரகாசி வந்து நின்றாள்,
கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
“போலாமா மோளே?”
கையில் நாற்பத்தொரு சாவி.
எது இந்தப் பூட்டுக்கு என்று
தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அணிவகுப்பு மைதானத்தின் நடுவில்
சருவத்தை இறக்கினாள். சும்மாட்டை உதறி மறுபடி சுற்றினாள்.
தலைக்குத் தூக்கிவிட அங்கே யாருமில்லை;
நான்தான் ஓடினேன்.

பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்,
கேஸ் சிலிண்டர் கட்டிய மொபெட், யாரோ ஒருவரின் கோழி.
நாலாம் நாள் புல்லில் ஒரு தடம்.
அளந்தேன்: நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டர்.
காய்க்கிற அயனியின் அருகே கொஞ்சம் வளைந்திருந்தது.
பிளான் வரைகிற எஞ்சினியர் கேட்டார்,
“இந்தக் கோட்டைப் போட்டது யாரு?”

அடுத்த மாதம் என்னை ஆரல்வாய்மொழிக்கு அனுப்பினார்கள்.
மலையடியில் புறம்போக்கு, முள்ளுக்காடு;
பட்டாளம் போகிற புது இடம்.
டேப்பைக் கையிலிருந்து பிடுங்குகிற காற்று.
காற்றாலைகளின் நிழல்
ஒவ்வொன்றாக என்மேல் ஏறி இறங்கியது.
மதில் வரும் இடமெல்லாம் சுண்ணாம்பு தூவினேன்.

மாசானமுத்து ஆடுகளோடு நின்றிருந்தார்.
“இதுல என்னம்மா வரும்?”
சொன்னேன்.
கோட்டுக்கு அப்பால் இருந்த குளத்தைப் பார்த்தார்.
“அப்போ தண்ணிக்கு?”
“சுத்திப் போணும்.”
“எம்புட்டு?”

அதைத்தான் எனக்குத் தெரியும்,
மீட்டர் பிசகாமல் தெரியும்.
வாய் வரவில்லை.

ஆடுகள் எங்கள் பேச்சுக்குக் காத்திருக்கவில்லை.
கோட்டை மிதித்துக்கொண்டு
குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தன,
குளம்புகளில் கொஞ்சம் வெள்ளையோடு.